அடுத்தவர் பாவில் எங்கள் லாபம்

எங்கள் கம்பெனி முதல்முறையாக லாபம் காட்டிய அன்று பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க் கடைக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தவன் நான்தான். கம்பெனிச் செலவில்கூட இல்லை, சொந்தக் காசில். அந்த லாபம் எப்படி வந்தது என்று தெரிந்த பிறகு, டப்பாவில் மீதமிருந்த ஜிலேபியையும் நானே தின்று தீர்த்தேன். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வாய் உலரும். எனக்குப் பசிக்கும். இதுவரை நான் பட்ட பயங்களையெல்லாம் என் இடுப்பைச் சுற்றி ஒரு டேப் வைத்து அளந்துவிடலாம்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு சைசிங் மில். விசைத்தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்து, பீம் என்கிற இரும்பு உருளையில் சுற்றிக் கொடுக்கும் இடம். ஊரார் அதைக் கஞ்சி மில் என்றுதான் சொல்வார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் லிமிடெட் என்று இருக்கும். நெசவாளர்கள் பலரும், திருவாலங்காடு பக்கம் கரும்பு போடும் குடியானவர்கள் சிலரும் அதில் பங்கு வாங்கியிருந்தார்கள். நான் அங்கே அக்கவுன்டன்ட். ஜெனரல் மேனேஜர் என் அக்கா புருஷன். மில் கேட்டுக்கு வெளியே "சாப்ட்டீங்களா பாவா?" என்று கேட்டவன், கேட்டைத் தாண்டியதும் "குட்மார்னிங் சார்" என்பேன். அவரும் கூச்சமே இல்லாமல், அன்றைக்குத்தான் என்னை முதலில் பார்ப்பவர் போலத் தலையசைப்பார்.

எனக்கு வேலை கொடுத்தவர் அவர். எனக்குப் பெண் பார்த்தவரும் அவர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைவிட அதிகமாக அலைந்தவரும் அவர்தான். அவரை நம்பக் கூடாது என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

மில்லுக்குள் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். ஒன்று, கம்பெனியே நூல் வாங்கிப் பாவு செய்து விற்பது. அது எங்களுடையது. மற்றது, நெசவாளர்கள் தங்கள் நூலைக் கொண்டுவந்து கூலிக்குக் கஞ்சி போட்டு வாங்கிப்போவது. அது அவர்களுடையது. எங்களுக்குச் சொந்தம் கூலி மட்டும்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பீமின் ஓரத்தில் சுண்ணாம்பால் எழுதிய எழுத்தை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இதில் எங்கள் ஊர் நெசவுத் தெருக்களின் வழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். பங்குனிக் கடைசியில் தறியில் ஓடும் பாவை நெய்து அறுத்துவிடுவார்கள். புதுப் பாவு, வருஷம் பிறந்த பிறகுதான் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வரும். தெலுங்கு பேசும் வீடுகளுக்கு உகாதி, தமிழ் பேசும் வீடுகளுக்குச் சித்திரை முதல் நாள். இரண்டும் பேசும் வீட்டில் மாமியாரின் பாஷை எதுவோ அதுதான் பஞ்சாங்கம். அதற்குள் பாவு தயாராக இருக்கட்டும் என்று நூலை முன்கூட்டியே எங்களிடம் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். ஆக, கணக்கை முடி என்று சர்க்கார் சொல்லும் மார்ச் மாதக் கடைசி நாளில் எங்கள் குடோனில் கால் வைக்க இடம் இருக்காது. வருஷத்தின் மற்ற நாட்களில் பூனை குட்டி போடும் குடோன் அது.

அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்தது. பச்சை எழுத்துத் திரை, ஓரத்தில் ஓட்டை போட்ட அகலத் தாளில் ராகம் பாடிக்கொண்டே அச்சடிக்கும் பிரிண்டர். மில்லில் ஏ.சி. போட்ட ஒரே அறை அதற்குத்தான். எலுமிச்சம்பழம் நசுக்கி, திரைக்குக் குங்குமம் வைத்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். மலைக்கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியாக நின்றதில்லை. எங்களுக்கான கணக்குப் புரோகிராமை எழுதியவர் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெண்மணி. அரக்கோணம் வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். வந்ததும் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். நான் அவரிடம் முதலில் சொன்னதே அந்த இரண்டு வகைச் சரக்கைத்தான். அவர் இரண்டுக்கும் தனித்தனி கோடு நம்பர் கொடுத்தார். எங்கள் சரக்கு ஒன்றாம் நம்பர், கூலிச் சரக்கு இரண்டாம் நம்பர். பாலன்ஸ் ஷீட்டுக்குப் போவது ஒன்றாம் நம்பர் மட்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கணக்குப் படிக்காதவர்கள் கேட்கலாம். வருஷக் கடைசியில் கையில் எவ்வளவு சரக்கு இருப்பதாகக் காட்டுகிறோமோ, அவ்வளவுக்கு லாபம் கூடும். சம்பாதித்திருக்கவே வேண்டாம், இருப்பதாகக் காட்டினால் போதும். மலையடிவாரத்தில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர், கிருத்திகை அன்று தன் கடையில் கிடக்கும் செருப்புகளையெல்லாம் தன் சொத்து என்று எழுதிக்கொண்டால், அன்றைக்கு அவர்தான் இந்த ஜில்லாவிலேயே பெரிய பணக்காரர்.

மார்ச் கடைசி நாள் குடோனில் இறங்கி நானே ஒவ்வொரு பீமாகத் தொட்டு எண்ணினேன். எங்களுடையது ஒரு பத்தி, மற்றவர்களுடையது ஒரு பத்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் லாபம் என்று வந்தது. அதுவரை வருஷா வருஷம் நஷ்டத்தையே பார்த்த கண்களுக்கு அது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தெரிந்தது. ஓடிப்போய் ஜிலேபி வாங்கியது அப்போதுதான்.

மறுநாள் சும்மா இருக்காமல், நான் எழுதிய பத்தியோடு அச்சான பாலன்ஸ் ஷீட்டை வைத்துப் பார்த்தேன். சரக்கிருப்பு இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. எனக்கு வந்த முதல் எண்ணம், மெஷினை நான் கெடுத்துவிட்டேன் என்பது. ஃப்ளாப்பியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன், விபூதி உள்ளே போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். வாயால் ஊதினேன். வேட்டி நுனியால் துடைத்தேன். மலையேறி வேண்டிக்கொண்டு இறங்கி வந்து மறுபடியும் அச்செடுத்தேன். அதே எண். வழியில் இரண்டு போண்டா தின்றதுதான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் தபாலாபீஸ் போய் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன்.

"மேடம், உங்க புரோகிராமுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது. ஒண்ணாம் நம்பரையும் ரெண்டாம் நம்பரையும் சேத்துக் கூட்டிகினு இருக்குது."

"பைத்தியம் இல்ல சார். அப்படிக் கூட்டுற மாதிரி மாத்தினதே நான்தானே?"

"நீங்களா? எப்போ?"

"போன தடவை வந்தப்போ. நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. உங்க ஜி.எம். சார் மாத்தச் சொன்னார். கூலிச் சரக்கு உங்களுது இல்லையே சார்னு நான்கூடக் கேட்டேன். அக்கவுன்டன்ட்தான் எழுதிக் கொடுத்தார், அவருக்கு எல்லாம் தெரியும்னு சொன்னார்."

அதற்குப் பிறகு அவர் ஹலோ ஹலோ என்றது காதில் விழுந்தது. நான் தபாலாபீஸ் சுவரில் ஒட்டியிருந்த சிறுசேமிப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நின்றேன். ஒரு எழுத்தும் புரியவில்லை.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பாவா ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாவா பண்ணி வெச்சிருக்கீங்க? அதெல்லாம் ஊர்க்காரங்க பாவு."

"கத்தாதடா. அக்கா உள்ள இருக்குது."

"நான் எழுதிக் குடுத்தேன்னு வேற சொல்லியிருக்கீங்க."

"வேற யாரைச் சொல்றது? அந்தம்மா நீ சொன்னாதான் நம்புது." அவர் பேப்பரை மடித்தார். "கேளு மச்சான். பேங்க்ல கீ லோன் தரேன்றான். குடோனைப் பூட்டி சாவியை அவன் எடுத்துகினு போவான், பணம் குடுப்பான். புது மெஷின் வரும். மெட்ராஸ் பார்ட்டி பாக்கி வந்ததும் கட்டிட்டு சாவியை வாங்கிடலாம்."

"வருஷம் பொறக்கறதுக்குள்ள வரலன்னா? அவங்கவங்க பாவு கேட்டு வருவாங்களே!"

"வந்தா நீ பேசு. நீதான் நாலு பேரைச் சிரிக்க வெப்பியே."

அதற்குள் அக்கா அடை கொண்டுவந்து வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சாப்பிட்டேன். இன்னொன்று போடட்டுமா என்று கேட்டாள், போட்டுக்கொண்டேன். என் முதுகில் குத்தியவர் எதிரே உட்கார்ந்து, வெல்லம் வேண்டுமா என்று கேட்டார்.

எனக்கு ஆடிட்டர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். பேங்குக்குக் கொடுக்கும் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதற்காக அந்த வாரமே வந்தார். பெரிய மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எதுவும் தெரியாது, போட்டால் எதையும் பார்க்க மாட்டார். மேனேஜர் அறையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது அன்றுதான் முதல் தடவை. உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, வெட்டப்போகும் ஆட்டுக்கும் மாலை போடுவார்கள்.

"சரக்கிருப்பு ரொம்ப ஏறியிருக்கே?" என்றார் ஆடிட்டர்.

பாவா என்னைக் கை காட்டினார். "அதெல்லாம் அக்கவுன்டன்ட் டிபார்ட்மென்ட் சார். எண்ணினது அவர், ஏத்தினது அவர். கம்ப்யூட்டர்ல எனக்கு ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது."

அவர். மச்சான் என்றவர், டேய் என்றவர், என்னை அவர் என்றார்.

"எண்ணிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஆங், நான்தான் சார். ஆனா அதுல பாதிக்கு மேல நம்ம சரக்கு இல்ல சார். ஊர்க்காரங்களுது."

 பாவா சிரித்தார். தொப்பை குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, உண்மையாகவே சந்தோஷமாகச் சிரித்தார்.

"இவன் எப்பவும் இப்படித்தான் சார். எழவு வூட்லயும் தமாஷ் பண்ணுவான்."

ஆடிட்டரும் சிரித்தார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், இரண்டு பேரும் அடுத்த ஜோக்குக்குத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் நான் ஊரைச் சிரிக்க வைத்ததெல்லாம் அன்றைக்கு அவர் கையில் ஆயுதமாக இருந்தது. கணக்கில் அவர் செய்ததைக்கூட என்னால் மறக்க முடியும். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் பேங்க் ஆபீசரை அழைத்துவரப் பாவா மெட்ராஸ் போனார். ஆபீசர் வந்து பூட்டைப் போட்டுவிட்டால் ஊரின் பாவெல்லாம் உள்ளே, தறியெல்லாம் சும்மா. குடோன் சாவி அதுவரைக்கும் என் இடுப்பில்தான் இருந்தது. கூலி கட்டியவர் வந்து கேட்டால் பீமைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மில்லின் சட்டம். யாராவது வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பங்குனியில் எவன் வந்து கேட்பான்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு நெசவுத் தெருவுக்கு ஓடினேன். அங்கே சொந்தத் தறிகள் வைத்திருந்த ஒரு அம்மா இருந்தார். புருஷன் போன பிறகு தானே நூல் வாங்கித் தானே பேரம் பேசித் தறி ஓட்டுபவர். அவர் சொன்னால் தெருவே கேட்கும். வாசலில் நாலைந்து பேர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் உங்க பாவை இன்னிக்கே எடுத்துகினு வந்துடுங்க. நாளைக்கு குடோனை பேங்க்காரன் பூட்டப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். "போன வருசம் மில்லுல பேய் கீதுன்னு சொன்ன, இந்த வருசம் பேங்க்காரனா?" என்றார் ஒருவர்.

"சாமி சத்தியமா சொல்றேன்!"

"சத்தியம் வேற பண்றான் பாரு" என்று இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே நான் அவர்கள் முறத்திலிருந்த கடலையில் பாதியைத் தின்றிருந்தேன், சிலதைத் தோலோடு.

"சிரிக்காதீங்க. இவன் நெஜமாவே பயந்துகினு இருக்கான்" என்றார். "சொல்லு நைனா, இன்னா நடந்துது?"

சொன்னேன். அவர்கள் பாவையெல்லாம் கம்பெனிச் சொத்து என்று எழுதியதையும், அதைக் காட்டிக் கடன் வாங்குவதையும். சிரிப்பு நின்றது. ஆனாலும் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார்.

"அதுக்காக? வருசம் பொறக்காம புதுப் பாவு வாசப்படி தாண்டக் கூடாது. எங்கப்பன் காலத்துலயிருந்து தாண்டினது இல்ல."

எனக்கு அழுகை வந்தது. திருடனைப் பிடித்துக் கொடுத்தாலும் ராகு காலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கும் ஊர்!

அந்த அம்மா மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தார். "வாசப்படி தாண்டக் கூடாதுன்னுதானே சொல்லி வெச்சாங்க? பின்னாடி செவுத்துக்குப் படி ஏது? செவுத்து மேல தூக்கி உள்ள வெச்சிட்டா எந்தச் சாமி கேக்கும்?"

பெரியவர் யோசித்தார். "தறியில ஏத்தக் கூடாது."

"ஏத்தல. படுக்க வெச்சிருப்போம்."

அன்று மத்தியானம் முழுவதும் டயர் வண்டிகள் மில்லுக்கும் நெசவுத் தெருவுக்கும் ஓடின. நான் குடோன் வாசலில் நின்று ரசீதைப் பார்த்துப் பார்த்து பீமை ஒப்படைத்தேன். கொல்லைப்புறச் சுவர்களின் மேலே இரும்பு பீம்களைப் பிணம் தூக்குவதுபோல முக்கி முனகித் தூக்கி இறக்கினார்கள். தெருவின் முன்பக்கம் நின்று பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் கோலம் அழியாமல் இருந்தது.

மறுநாள் பேங்க் ஆபீசர் வந்தபோது குடோனில் எங்கள் சொந்தச் சரக்கு மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. ஆபீசர் இருமினார். குடோன் திருப்பி இருமியது. கையில் வைத்திருந்த பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார். கொண்டுவந்த பூட்டை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.  "காபி சாப்ட்டுப் போலாம் சார்" என்றார் பாவா, ஆபீசரிடம்.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"உனக்கு அவரு இன்னாடா கொறை வெச்சாரு? கூட இருந்துகினே குழி பறிச்சிட்டியே."

"அக்கா, பறிச்சது நான் இல்ல..."

"பேசாத. அவரு இன்னி வரைக்கும் உன்னை ஒரு வார்த்தை தப்பா சொல்லல. அது தெரியுமா உனக்கு?"

தெரியும். அதுதான் அவருடைய சாமர்த்தியம். என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேனே!

லோன் வராவிட்டாலும் லாபம் போய்விடவில்லை. மார்ச் கடைசி நாளில் பீமெல்லாம் குடோனில் இருந்தது உண்மைதானே! நான் எண்ணியிருக்கிறேனே! ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, வழவழப்பான அட்டையில் மலைப் படம் போட்டு ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. இந்தத் தடவை அதைப் பின்னாலிருந்து படித்தேன். கடைசிப் பக்கத்துக் குறிப்பில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், சரக்கிருப்பு நிர்வாகத்தால் எண்ணப்பட்டு, மதிப்பிடப்பட்டு, சான்றளிக்கப்பட்டது என்று இங்கிலீஷில் இருந்தது. பத்து வருஷமாகத் தனி ஃபேன் கேட்டும் கிடைக்காத நான், அந்த ஒரு வரியில் நிர்வாகம் ஆகியிருந்தேன். ஆண்டறிக்கை என்பது முன்பக்கத்தில் சிரிக்கும், பின்பக்கத்தில் கை கழுவும்.

கல்யாண மண்டபத்தில் பொதுக்கூட்டம். பங்குதாரர்களுக்கு கேசரி, காராபூந்தி, டிவிடெண்டு. கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சரக்கிருப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"இதுல இருக்கறது உங்க பாவும்மா. இன்னும் இதுலதான் இருக்குது. கணக்கு சரியான்னு கேப்பாங்க, கை தூக்காதீங்க."

அவர் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். "என் பாவு வூட்டுக்கு வந்து, துணியா நெய்ஞ்சி, வித்தும் போயாச்சி நைனா. பேப்பர்ல இருந்தா இருந்துட்டுப் போவுது. எனக்கு இன்னா போச்சி?"

"இந்த வருஷக் கடைசிச் சரக்குதான் அடுத்த வருஷத்துக்கு மொத சரக்கு. பொய்யா ஏத்தினது அடுத்த வருஷம் நஷ்டமா வந்து நிக்கும். அதை மறைக்க மறுபடியும் உங்க பாவைத்தான் எழுதணும். இதைவிட அதிகமா எழுதணும்."

"ஆங், அப்ப மறுபடியும் செவுத்து மேல தூக்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கை தூக்கினார். சுற்றிலும் எல்லோரும் தூக்கியிருந்தார்கள். வாசற்படி தாண்டக் கூடாது என்ற பெரியவர் இரண்டு கையும் தூக்கியிருந்தார். மேடையில் பாவா, ஊழியர்களின் அயராத உழைப்புக்கு இயக்குநர் குழு நன்றி சொல்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார்.

ராஜினாமாக் கடிதத்தை அடுத்த வாரம் கொடுத்தேன். பாவா வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். மணவூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் இல்லை.

என் இடத்துக்கு யார் வரப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சொந்தத் தம்பி, பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் எதிரே தலை குனிந்து நின்றான்.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு இன்னா?"

தட்டில் மீதமிருந்த முறுக்கைத் தின்று முடித்தேன். பிறகு சொன்னேன். சொல்லிவிட்டு, ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் யார் சொன்னாலும் சேர்த்துக் கூட்டாதே, எதிலும் கையெழுத்துப் போடுமுன் என்னை வந்து கேள் என்றேன்.

அவன் சிரித்தான். "நீ இப்பிடித்தான் சொல்வேன்னு பாவா காலையிலயே சொல்லிட்டாருண்ணே."